எல்லாம் ஓடும் என்று சொன்ன மாமா

"மாமா, விண்டோஸை எடுத்துவிட்டால் என் கேம் எல்லாம் ஓடுமா?" என்று அக்கா மகன் கேட்டபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பென் டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏறி முடிய இன்னும் இரண்டு நிமிடம் என்று திரை காட்டிக்கொண்டிருந்தது. "எல்லாம் ஓடும் மருமகனே" என்றேன். எந்த கேம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தீபாவளி கழிந்து மூன்றாம் நாள். கல்லிடைக்குறிச்சியில் அக்கா வீட்டு மாடியறை. வெளியே விட்டுவிட்டு மழை. அன்று சொன்ன அந்த "எல்லாம்" சில மாதங்களாக என்னை நச்சரித்துக்கொண்டே இருக்கிறது. எழுதியாவது தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பெட்டி அது. வண்ணார்பேட்டையில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கடையில் அத்தான் வாங்கினார். ஆறாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே ஒரு டிபி ஹார்டு டிஸ்க். அலுவலகப் பெட்டி என்பதால் உள்ளே கிராஃபிக்ஸ் கார்டுக்கென்று தனியாக மின்சார வயர் வராது. மதர்போர்டு தரும் 75 வாட்டுக்குள் அடங்குகிற கார்டைத்தான் மாட்ட முடியும். தேடி அலைந்து யாரோ விற்ற ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்றை வாங்கி நான்தான் மாட்டிக்கொடுத்தேன். பதினோராம் வகுப்புப் பையனுக்கு அது போதும், போதும் என்பதற்கும் ஒரு படி மேலே. ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அத்தானிடம் இதை விளக்கியபோது, பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிறவரைப் போலப் பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லையே, அதற்குள் காலாவதியா?" என்றார். எனக்கோ உள்ளுக்குள் குஷி. பதின்மூன்று வருடமாகக் காத்திருந்த வாய்ப்பு.

பதின்மூன்று வருடம் என்பது சும்மா சொல்வதல்ல. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டில் பிளஸ் டூ படித்த எனக்கும் ஒன்று கிடைத்தது. திறந்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ். பாளையங்கோட்டையில் எங்கள் வகுப்பில் வாங்கிய பையன்கள் அத்தனை பேரும் முதல் வாரத்திலேயே பாஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் படங்களை நிரப்பிக்கொண்டார்கள். நான் அழிக்கவில்லை. கொள்கை ஒன்றும் கிடையாது, அழிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் பிரவுசிங் சென்டரில் செருகி எடுத்த பென் டிரைவ் வழியாக விண்டோஸ் பக்கம் வைரஸ் புகுந்து படுத்துக்கொள்ள, புராஜெக்ட் எழுதிக்கொடுக்க மிச்சமிருந்தது பாஸ்தான். அப்படி ஒட்டிக்கொண்டது விடவே இல்லை. இன்று வீட்டிலிருந்தபடி லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. கல்யாண வீடானாலும் துஷ்டி வீடானாலும் யாராவது "கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருக்கிறது" என்று வாயைத் திறந்தால் போதும், நான் லினக்ஸ் என்று ஆரம்பித்துவிடுவேன். அக்கா இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள்: "இவன் பைபிள் கொடுக்க வந்துவிட்டான்."

அப்போதெல்லாம் என் வாயை அடைக்க ஒரே கேள்வி போதுமானதாக இருந்தது. "கேம் விளையாட முடியுமா?" முடியாது. 2012-இல் அதற்கு வேறு பதில் இல்லை. இன்று இருக்கிறது. அதனால்தான் எனக்கு அவ்வளவு திமிர்.

வேஷம்

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு வேஷம் கட்டுகிறவர்களைப் பார்க்காத திருநெல்வேலிக்காரன் இருக்க முடியாது. காளி, குரங்கு, ராஜா, குறத்தி. எங்கள் தெருவில் ஒருவர் ஆண்டு தவறாமல் போலீஸ் வேஷம்தான். தொப்பி, லத்தி, விசில் எல்லாம் உண்டு. அவர் தெருமுனையில் நின்று கையை நீட்டினால் ஆட்டோக்காரர் நிறுத்துகிறார், காணிக்கை போடுகிறார், போகிறார். அவர் போலீஸ் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வேலை நடக்கிறது. விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் என்ற மென்பொருள் செய்வது ஏறக்குறைய இதுதான்.

விண்டோஸுக்காக எழுதிய ஒரு கேம் ஓடும்போது ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தக் கோப்பைத் திற, அந்தச் சத்தத்தைப் போடு, இந்த முக்கோணத்தைத் திரையில் வரை. பதில் சொல்ல விண்டோஸ்தான் வேண்டும் என்பதில்லை, அதே பதிலை அதே முறையில் யார் சொன்னாலும் கேமுக்குச் சம்மதம். 1993-இல் தொடங்கிய வைன் என்ற திட்டம் இந்த வேஷத்தைத்தான் முப்பது வருடமாகத் தைத்து வருகிறது. படம் வரைவதில்தான் முன்பெல்லாம் மாட்டிக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் மொழியை, லினக்ஸிலும் செல்லுபடியாகும் வல்கன் மொழிக்கு உடனுக்குடன் பெயர்க்கும் டிஎக்ஸ்விகே என்ற மொழிபெயர்ப்பாளர் வந்த பிறகு அந்தக் கஷ்டம் பெரிதும் தீர்ந்தது. ஸ்டீம் என்ற இணைய கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்று வெளியிட்டது. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி முழுக்க லினக்ஸில்தான் ஓடுகிறது. அதை வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு அது லினக்ஸ் என்பதே தெரியாது. அதைத்தான் நான் உண்மையான வெற்றி என்பேன்.

இந்த வேஷம் எவ்வளவு நுணுக்கமானது என்பதை மருமகனுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. தி விட்சர் 3 இறங்கி முடிந்ததும் ஸ்டீமின் கோப்புறைக்குள் போய், அந்த ஒரு கேமுக்காகப் புரோட்டான் கட்டிவைத்திருந்த சின்ன வீட்டைத் திறந்து காட்டினேன். டிரைவ்_சி என்று ஒரு கோப்புறை. அதற்குள் விண்டோஸ் என்று ஒன்று, அதற்குள் சிஸ்டம்32. பயனர்கள் என்ற இடத்தில் ஸ்டீம்யூசர் என்று ஒரே ஒரு ஆள், இல்லாத மனிதர். ஒவ்வொரு கேமுக்கும் இப்படி ஒரு பொய் வீடு, அதில் ஒரு பொய்க் குடித்தனம். பையன் அதையெல்லாம் பார்த்துவிட்டு, "சரி மாமா, கேமைத் திறங்கள்" என்றான். முதல் தடவை திறக்கும்போது ஷேடர்களை, அதாவது கிராஃபிக்ஸ் கார்டுக்கான குட்டி நிரல்களைத் தயாரிக்கிறோம் என்று ஒரு பட்டை ஓடும். அந்தப் பழைய ஐ5-க்கு அது ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம். பிறகு திறந்தது. நடுத்தர அமைப்பில் நொடிக்கு நாற்பது ஃபிரேம் தாண்டியது. ஸ்கைரிம் என்ற கேமும் திறந்தது. கீழே போய் அத்தானிடம், "பார்த்தீர்களா, ஒரு பைசா செலவில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று இரவு அக்கா வைத்த சொதிக்கு இரண்டு முறை சோறு வாங்கினேன். ஜெயித்தவனுக்குப் பசி அதிகம்.

இதற்கிடையில் என்னுடைய கணக்கிலிருந்து ஸ்டார்டியூ வேலி என்ற கேமையும் ஏற்றி வைத்தேன். 2016-இல் வந்தது. வேஷம் எதுவும் இல்லாமல் லினக்ஸுக்கென்றே ஒரு வடிவம் உள்ளது. நகரத்து வேலையை விட்டுவிட்டுத் தாத்தாவின் பண்ணைக்கு வந்து பயிர் செய்கிற கதை. மருமகன் பத்து நிமிடம் விளையாடினான். மண்ணைக் கொத்தினான், விதை போட்டான், தண்ணீர் ஊற்றினான். "இதற்குப் பின்பக்கம் வயலுக்கே போகலாமே மாமா" என்று மூடிவிட்டான். வீட்டுக்குப் பின்னால் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் பாயும் வயல். அவன் சொன்னதில் தப்பில்லை.

ஐந்தாவது ஆள்

மறுநாள் இரவு ஒன்பது மணி. நான் கட்டிலில் படுத்துக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஹெட்போன் பழையது, ஓரம் கிழிந்திருந்தது, அதனால் உள்ளே பேசுவது பாதி எனக்கும் கேட்டது. நான்கு பையன்களின் குரல். ஒருவன் விக்கிரமசிங்கபுரம், ஒருவன் அம்பாசமுத்திரம், இருவர் சேரன்மகாதேவி. ஒன்பதாம் வகுப்புவரை ஒன்றாகப் படித்து, பிறகு குரூப் பிரிந்து, பள்ளி பிரிந்து, இந்த ஒன்பது மணியில் மட்டும் ஒன்றுகூடுகிறவர்கள். ஐந்து பேர் ஓர் அணியாக நின்று இன்னோர் ஐந்து பேரைச் சுட்டு விளையாடும் கேம். நான்கு பேர் தயார். இவனுக்காகக் காத்திருக்கிறார்கள்.

திறக்கவில்லை. திறக்காது என்பது எனக்குத் திரையைப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. அந்த கேமோடு வரும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் நுழையவே நுழையாது. இதைப் பற்றி நான் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். படித்துவிட்டுத்தான் "எல்லாம்" என்று சொன்னேன். பையன் இரண்டு முறை முயன்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, இது மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது" என்றான். "இது மட்டும்" என்று அவன் சொன்னவிதம் இருக்கிறதே! எனக்கு ஒரு சின்ன வேலைதான் பாக்கி, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன் என்று நம்பிச் சொன்ன தோரணை. எழுந்து உட்கார்ந்தேன். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 இலவசம், லினக்ஸிலேயே ஓடும், இதைவிட நல்ல கேம் என்று சொன்னேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "அதில் எங்கள் ஆட்கள் இல்லையே மாமா" என்றான்.

ஹெட்போனுக்குள், "ஏலே, வருகிறாயா இல்லையா?" என்று ஒருவன். "கம்ப்யூட்டர் சரியில்லைடா, நீங்கள் ஆடுங்கள்" என்று இவன். கம்ப்யூட்டர் சரியில்லையாம். மாமா சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிடத்தில் வேறு யாரோ ஒரு பையன் ஐந்தாவது ஆளாக வந்து சேர்ந்தான். அந்தப் புதுக் குரலும் எனக்குக் கேட்டது. நண்பர்களில் ஒருவன் தன் திரையைப் பகிர்ந்துகொள்ள, மருமகன் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு அவர்கள் விளையாடுவதை ஒரு மணி நேரம் பார்த்தான். நடுவில் ஒருமுறை, "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று கத்தினான். அவனுடைய இடத்தில் ஆடிய பையன் அதைக் கவனிக்கவில்லை.

அந்த ஒரு மணி நேரம் நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். விட்சரும் ஸ்கைரிமும் நாற்பது ஃபிரேமும் ஒரு பக்கம். கேம் என்பதை நான் இத்தனை வருடம் ஒரு நிரலாகவே பார்த்திருக்கிறேன், ஓடுகிறதா ஓடவில்லையா என்பதே என் கணக்கு. அவனுக்கு அது ஆற்றங்கரைப் படித்துறை. யார் வந்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி, படியின் கல் கருங்கல்லா சிமென்டா என்பதல்ல. நானும் சின்ன வயதில் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போயிருக்கிறேன். வேறு படித்துறையில் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் போயிருப்பேனா?

வாசலில் நிற்பவர்

ஏமாற்றுத் தடுப்பு ஏன் லினக்ஸில் இப்படி மாட்டிக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது திறமைக் குறைவால் வந்த சிக்கல் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். போட்டி கேம்களில் சுவருக்கு அப்பால் இருப்பவனைக் காட்டும் மென்பொருள், தானாகக் குறி பார்க்கும் மென்பொருள் என்று திருட்டுத்தனம் ஏராளம். அதைப் பிடிக்கக் காவலாளி வேண்டும். திருடன் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் கருவறைக்குள் போய் ஒளிந்துகொள்ளத் தொடங்கியதும் காவலாளியும் கருவறைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வாலரன்ட் கேமின் காவலாளியான வேன்கார்டு 2020-லிருந்து கம்ப்யூட்டர் எழும்போதே கெர்னலில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வைனின் வேஷமெல்லாம் பிரகாரம்வரைதான் செல்லும். விண்டோஸ் கெர்னலுக்காக எழுதிய டிரைவர் என்ற உள் நிரலை லினக்ஸ் கெர்னலுக்குள் அது கொண்டுபோக முடியாது. தசரா போலீஸ் கை நீட்டினால் ஆட்டோ நிற்கும். உண்மையான இன்ஸ்பெக்டர் வந்து அடையாள அட்டையைக் கேட்டால் வேஷக்காரர் என்ன செய்வார்? சல்யூட் அடித்துவிட்டு ஓரமாக நகர்ந்துகொள்வார்.

எல்லாக் காவலாளிகளும் அப்படி அல்ல. ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு பெரிய தடுப்பு மென்பொருள்களும் 2021 செப்டம்பரிலேயே புரோட்டானுக்கு இடம்தர ஒப்புக்கொண்டன. ஆனால் கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது அந்தந்த கேம் நிறுவனத்தின் விருப்பம். ஃபோர்ட்நைட் இன்றுவரை திறக்கவில்லை. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் திறந்துவைத்திருந்து, லினக்ஸ் வழியாக ஏமாற்றுகிறார்கள் என்று காரணம் சொல்லி 2024 அக்டோபர் இறுதியில் மூடிவிட்டது. ஜிடிஏ ஆன்லைன் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐயைச் சேர்த்தபோது, அதுவரை லினக்ஸில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் வெளியே நின்றார்கள். நிறுவனங்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதை நான் மறைக்க விரும்பவில்லை. லினக்ஸில் கெர்னலையே வீட்டில் உட்கார்ந்து மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். எனக்கு லினக்ஸ் பிடித்ததே அதனால்தான். காவலாளிக்குப் பிடிக்காததும் அதனாலேதான். ஸ்டீமின் மாதாந்தரக் கணக்கெடுப்பில் லினக்ஸ் முதன்முதலாக 3 சதவீதத்தைத் தாண்டியதே 2025 அக்டோபரில். நூற்றுக்கு மூன்று பேருக்காக இன்னொரு வாசலுக்குக் காவல் போடுவானேன் என்று ஒரு முதலாளி நினைத்தால் அவர் மீது எனக்குக் கோபம் வரும், ஆனால் ஆச்சரியம் வராது.

இருந்தாலும் கருவறைக்குள் கண்டவரை விடுவது ஆபத்து என்ற என் எண்ணம் மாறவில்லை. உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். கென்ஷின் இம்பாக்ட் கேமின் தடுப்பு டிரைவரையே கருவியாக்கி, வைரஸ் காவலை முடக்கி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் பரப்பியதை 2022-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தவறான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு படுத்தன. அது கேம் காவலாளி இல்லை, ஆனால் நின்ற இடம் அதே கெர்னல். இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. சேஃப்டிஸ்க் என்று ஒரு திருட்டு சிடி தடுப்பு இருந்தது. அதற்கும் கெர்னலுக்குள் ஒரு டிரைவர். அதில் ஓட்டை கண்டுபிடித்து அடைத்து, கடைசியில் 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த டிரைவரையே மைக்ரோசாஃப்ட் உள்ளே விட மறுத்துவிட்டது. காசு கொடுத்து ஒழுங்காக வாங்கிய சிடிகள் அன்றோடு செத்தன. காவலாளியை வேலையை விட்டு அனுப்பினால் வீட்டுக்காரனே உள்ளே போக முடியாமல் நிற்கிற கதை. மைக்ரோசாஃப்டே இப்போது பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே அனுப்பும் வழிகளைத் தேடுகிறது. அது நடந்தால் லினக்ஸ் வாசலிலும் வெளிச்சம் விழும் என்று ஒரு நப்பாசை எனக்கு.

பழைய சிடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த 90-களின் கேம் சிடி ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேம் 32-பிட். ஆனால் அதை நிறுவும் நிரல் 16-பிட். 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரலைத் தொடவே தொடாது. வைனில் போட்டேன், ஒரு முனகல்கூட இல்லாமல் நிறுவிக் கொடுத்தது. பழைய விண்டோஸுக்கு உண்மையான வாரிசு லினக்ஸ்தான் என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பத்து நொடி

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரித்து, லினக்ஸைப் பாதியில் ஒதுங்கச் சொல்லிவிட்டு, மறுபாதியில் விண்டோஸ் 10-ஐத் திரும்ப நிறுவினேன். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டுப் பாதுகாப்பு நீட்டிப்பு இருக்கிறது, அதையும் பதிந்து கொடுத்தேன். மருமகன் பக்கத்திலேயே உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தான். "லினக்ஸையும் வைத்திருக்கவா?" என்று நான்தான் கெஞ்சுகிற குரலில் கேட்டேன். "இருக்கட்டும் மாமா" என்றான். பெரிய மனது.

இரண்டு குடித்தனம் ஒரே வீட்டில் என்றால் சண்டை வராமல் இருக்குமா? ஒரு டிபி ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் பக்கம் இறக்கிய கேம்களை லினக்ஸும் பயன்படுத்தட்டும், இரட்டிப்பாக இறக்க வேண்டாமே என்று சிக்கனம் பார்த்தேன். அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்த டிஸ்க். நான் சொன்ன பொய் வீட்டுக்குள் புரோட்டான் "c:" என்ற பெயரில் ஒரு இணைப்பை வைக்கும். அந்த இரட்டைப் புள்ளி விண்டோஸைப் பொறுத்தவரை கோப்பின் பெயரில் வரவே கூடாத எழுத்து. லினக்ஸ் பக்கம் கேம் பாதியில் நின்றது, விண்டோஸ் பக்கம் டிஸ்கைச் சரிபார்க்கிறேன் என்று அரை மணி நேரம் ஓடியது. இரண்டு புள்ளிக்காக ஒரு மத்தியானம் போயிற்று. பொய் வீட்டை மட்டும் லினக்ஸ் பாதிக்கு மாற்றிக் கொடுத்ததும் சரியானது.

அடுத்தது கடிகாரம். அன்றிரவு ஒன்பது மணிக்கு விண்டோஸைத் திறந்தால் மணி மூன்றரை என்றது. லினக்ஸ் மதர்போர்டின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். நமக்கு ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய பெட்டியில் பேட்டரி போயிருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். லினக்ஸில் ஒரு வரிக் கட்டளையில் சரியாகிவிடும் காரியம்தான், செய்துவிட்டேன். அன்று ஒன்பதே காலுக்கு ஐந்தாவது ஆள் வந்து சேர்ந்தான். ஹெட்போனுக்குள் என்ன கூச்சல்!

ஊருக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு காரியத்தைக் கள்ளத்தனமாகச் செய்தேன். கம்ப்யூட்டர் எழும்போது எது வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் லினக்ஸை மேலே வைத்தேன். பத்து நொடி எதையும் தொடாமல் இருந்தால் லினக்ஸ். கீழ் அம்புக்குறியை அழுத்தினால் விண்டோஸ். பையன் அவசரத்தில் ஒருநாள் மறந்து உள்ளே வந்து, அட, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று தங்கிவிட மாட்டானா என்ற ஆசை.

டிசம்பரில் பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருந்தபோது என் ஸ்டீம் கணக்கை எதற்கோ திறந்தேன். ஸ்டார்டியூ வேலியில் 61 மணி நேரம் என்றிருந்தது. நான் அதில் ஐந்து மணி நேரம் தாண்டியதில்லை. அந்தக் கணக்கைக் கல்லிடைக்குறிச்சியில் லினக்ஸ் பக்கம் மட்டும்தான் திறந்து விட்டுவந்திருக்கிறேன். எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தைச் சொல்லி முடியாது. மருமகன் மனம் மாறிவிட்டான்! யாரிடமும் சொல்லவில்லை. பொங்கலுக்குப் போகும்போது நேரில் கேட்டு, அவன் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும் என்று அடக்கிக்கொண்டேன். பாசஞ்சர் ரயிலில் காருக்குறிச்சி, வீரவநல்லூர் எல்லாம் தாண்டும்வரை என்னென்ன வார்த்தைகளில் கேட்பது என்றுதான் யோசனை.

போய்ச் சேர்ந்தபோது மருமகன் வீட்டில் இல்லை, கிரிக்கெட். மாடியில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் அக்கா. பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில் மாடியில் துணி உலர்த்த வரும்போது உட்கார ஆரம்பித்தாளாம். பட்டன் அழுத்துவாள், வேறெதையும் தொட மாட்டாள், பயம். பத்து நொடியில் தானாகவே திறந்துகொள்ளும், ஓரத்தில் கோழிப்படம் போட்ட பெட்டி இருக்கும், அதை அழுத்துவாள். பண்ணைக்குப் பெரிய வயல் என்று பெயர் வைத்திருந்தாள். வரிசை வரிசையாக ஏதோ பயிர். "வெள்ளை முள்ளங்கி மாதிரி ஒன்று, நான்கு நாளில் வந்துவிடுகிறது" என்றாள். "டிவியில் நாளைக்கு மழை என்றால் நாளைக்கு மழை பெய்கிறது. இங்கே யார் அப்படிச் சொல்கிறார்கள்?"

அக்கா, இது லினக்ஸ், தெரியுமா என்று கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு வேறொரு வழக்கு இருந்தது. அந்த கேமில் ராத்திரி படுக்கைக்குப் போனால்தான் அன்றைய நாள் சேமிப்பாகும். முந்தின நாள் விடிந்ததிலிருந்து தண்ணீர் ஊற்றி, கல் பொறுக்கி, மீன் பிடித்து, வீட்டுக்குத் திரும்பும் வழியில் கரண்ட் போய்விட்டது. ஒரு நாள் உழைப்பு முழுக்கப் பாழ். இது இந்த மாதத்தில் மூன்றாவது தடவை என்று விரலை மடக்கிக் காட்டினாள். "இத்தனை படித்திருக்கிறாயே, இதற்கு ஒரு வழி பண்ண மாட்டாயா?"

சாயங்காலம் அத்தானும் நானும் அம்பாசமுத்திரம் போய் ஒரு யுபிஎஸ் வாங்கி வந்தோம்.